சத்தூப் வயலில் பைக்காரன் இருந்ததா, இல்லையா?

என் தம்பி சத்தூப் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. பொய் சொல்லாதவனுக்குச் சத்தியம் எதற்கு? ஆனால் அவன் வாயைத் திறந்தால் ஒரு சத்தியம் பண்ணாமல் மூடமாட்டான். அலெப்போ பக்கம் எங்கள் ஊர் தல் ரும்மானில் ஆண்கள் எல்லாருக்குமே அந்தக் காலத்தில் இந்தக் கெட்ட பழக்கம் இருந்தது. தலைமேல் சத்தியம், தாடிமேல் சத்தியம் என்று ஆரம்பித்து, கோபம் ஏறினால் "இது இப்படி இல்லையென்றால் என் பெண்டாட்டி எனக்குத் தலாக்" என்பதில் வந்து நிற்கும். பேச்சு என்னவோ கழுதையைப் பற்றியோ வெங்காயத்தைப் பற்றியோதான் இருக்கும். தலை உருளுவது உள்ளே மாவு பிசைந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு.

சத்தூபுக்கு இரண்டு தரம் அப்படி ஆகிவிட்டது. முதல் தரம், அசாஸ் சந்தையிலிருந்து வந்த ஒரு விருந்தாளியிடம், "நீங்க சாப்பிடாம இந்த வாசலைத் தாண்டினா அம்ஷா எனக்குத் தலாக்" என்றான். அன்பு மிகுந்து சொன்னதுதான். அந்த மனுஷனுக்கு வீட்டில் பசு கன்று போட்டுக்கொண்டிருந்தது. அவர் ஓடிவிட்டார். இரண்டாம் தரம், தன் கழுதை பிறர் தோட்டத்தில் கால் வைத்ததே இல்லை என்று பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சத்தியம் பண்ணினான். கழுதை அந்த நேரத்தில் பள்ளிவாசல் பெரியவர் ஷேக் முயீனின் அவரைப் பாத்தியில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு தரமும் மார்க்கம் வைத்த கெடுவுக்குள் அம்ஷாவைத் திரும்ப அழைத்துக்கொண்டான். மூன்றாவது போனால் அப்படி அழைக்க முடியாது, போனது போனதுதான். இது எங்கள் ஊரில் பேசப் பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

அம்ஷா அவனோடு இருபத்தாறு வருஷம் வாழ்ந்தவள். நாலு பெண்களைப் பெற்று, நாலு பேரையும் கட்டிக்கொடுத்தாள். அவளுடைய அண்ணன் தர்வீஷின் வயலும் சத்தூப் வயலும் மேட்டுக்குக் கீழே அடுத்தடுத்து இருந்தன. நடுவே ஒரு வரப்பு. செம்மண். ஒரு வருஷம் கோதுமை, மறு வருஷம் மசூர்ப் பருப்பு.

அந்த வருஷம் மசூர். விடியும்போதே பெண்கள் வயலில் இறங்கிவிடுவோம். பனி ஈரம் இருக்கும்போதே பிடுங்க வேண்டும், வெயில் ஏறினால் காய் வெடித்து மண்ணில் சிந்திவிடும். பிடுங்கியதைச் சின்னச் சின்னக் குவியலாக வயலிலேயே காயப்போடுவோம். அந்தக் குவியல்களின் ஓரத்தில்தான் காய்கள் காலியாகிக்கொண்டே வந்தன. தோடு இருக்கிறது, பருப்பு இல்லை.

பைக்காரன் செய்கிற வேலை இது. கைக்குள் அடங்குகிற பிராணி, பொன்னிறம், குட்டை வால். கன்னத்தில் இரண்டு பக்கமும் பை. கழுதை மேல் பொதி போட்ட மாதிரி பருப்பை அடைத்துக்கொண்டு வளைக்குள் போகும், வெறும் கன்னத்தோடு வெளியே வரும், மறுபடி போகும். ஒரு வளையில் ஒன்றுதான் இருக்கும். தன் இனத்தையே பக்கத்தில் சேர்க்காது. அறுப்பு முடிந்ததும் வளைகளைத் தோண்டி, அது சேர்த்ததை எடுத்துக்கொள்வோம். ஆனால் ஒரு கைப்பிடி பருப்பைத் திருப்பி உள்ளே போட்டுத்தான் மூட வேண்டும். அது பாடுபட்டதில் அதற்கும் ஒரு பங்கு. சாதா எலிக்கு இந்த மரியாதை கிடையாது.

மூன்றாம் நாள் காலை, வரப்பில் உட்கார்ந்து ரொட்டியும் ஆலிவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தர்வீஷ் வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து பேச்சை ஆரம்பித்தான்.

"மச்சான், உன் மசூரைப் பைக்காரன் கொண்டுபோறான். போய் வளையைத் தேடு."

"என் வயல்லயா? மழைக்காலம் முடிஞ்சதும் வளைக்கு வளை தண்ணி ஊத்தி விரட்டினவன் நான். ஒண்ணுகூடக் கிடையாது."

"நீ தண்ணி ஊத்தின லட்சணம் தெரியாதா? பாதியை உன் கழுதை குடிச்சிருக்கும்."

"கழுதையைப் பத்திப் பேசாதே. நாலு கால் பைக்காரன் இல்லேன்னா ரெண்டு கால் பைக்காரன் எவனோ வந்திருக்கான்."

ரொட்டி மென்றுகொண்டிருந்த பெண்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

"அது யாரு ரெண்டு கால்?" என்றான் தர்வீஷ்.

"நான் பேரு சொன்னேனா?"

"என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னே."

"உன் மூஞ்சி எதிர்ல இருக்கு. நான் எங்கே பார்க்கிறது?"

"தம்பி, டீயைக் குடி" என்றேன். குடிக்கவில்லை. எழுந்து நின்றான். எழுந்து நின்றாலே ஒரு சத்தியம் வரும்.

"என் வயல்ல இந்த வருஷம் ஒரு பைக்காரன் இருந்தா, அம்ஷா எனக்குத் தலாக்."

அம்ஷா ஒரு பிடி மசூரை வேரோடு பிடித்தபடி நிமிர்ந்தாள். கத்தவில்லை, அழவில்லை. "மூணாவது" என்று மட்டும் சொன்னாள். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தாள்.

சத்தூபின் முகம் அப்போதுதான் வெளுத்தது. எப்போதும் அப்படித்தான், வார்த்தை முதலில் போகும், அறிவு பின்னால் நொண்டிக்கொண்டு வரும். தர்வீஷுக்கும் முகம் செத்துவிட்டது. தன் தங்கச்சியின் வாழ்க்கையை வைத்தா இவ்வளவு நேரம் விளையாடினோம் என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அதுவரை வளையைத் தேடு தேடு என்றவன், "சரி மச்சான், காத்துல சிந்தியிருக்கும், விடு" என்றான். காற்றே இல்லை அன்று.

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒருவரும் வளை என்ற பேச்சையே எடுக்கவில்லை. குனிகிற பெண்கள் எல்லாரும் கண்ணைப் பாதி மூடிக்கொண்டுதான் குனிந்தோம்.

கடைசிக் குவியலைத் தூக்கியது அம்ஷா. தூக்கியவள் அப்படியே அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். பாவாடையைச் சுற்றிலும் விரித்துக்கொண்டாள். வெயில் ஏறியது. டீயை அங்கேயே கொண்டுவரச் சொன்னாள். எல்லாரும் கழுதைமேல் கட்டுகளை ஏற்றுகிறோம், இவள் எழுந்திருக்கவில்லை.

"என்னடி, எழுந்திரு" என்றேன்.

"கால் மரத்துப்போச்சு மதினி."

எனக்குப் புரிந்துவிட்டது. "அப்போ உக்காரு, நல்லா உக்காரு" என்று நானும் அவளை ஒட்டி உட்கார்ந்தேன். இரண்டு பேர் பாவாடை, அகலமாகவே இருந்தது. தர்வீஷ் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, கழுதைக் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக நின்றான்.

சத்தூப் வந்தான். எங்களைப் பார்த்தான், பாவாடைகளைப் பார்த்தான். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். வேறு எந்த ஆண்பிள்ளையும் போயிருப்பான்.

"அம்ஷா, எழுந்திரு" என்றான்.

"வேண்டாங்க."

"பார்க்காம எனக்குச் சோறு இறங்காது. எழுந்திரு."

எழுந்தாள். விரல் மூன்று நுழையும் அளவு ஒரு துளை, நேராகக் கீழே போனது. சத்தூபே தோண்டினான். ஒரு முழம் கீழே ஓர் அறை, அதில் தோடு நீக்கிய மசூர், இரண்டு கிண்ணம் இருக்கும். பக்கத்து அறையில் அந்தப் பிராணி. நான் பொன்னிறத்தை எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். "இது என்னடா?" என்று தர்வீஷ் சொல்லவும்தான் திறந்தேன்.

சாம்பல் நிறம். வயிறு வெள்ளை. கோழிமுட்டைக்குக் கொஞ்சம் பெரிசு. பைக்காரன் இதைப்போல் இரண்டு மடங்கு இருக்கும். ஆனால் இதற்கும் கன்னம் இரண்டும் புடைத்திருந்தன. சத்தூப் கையில் எடுத்ததும் முன்கால்களால் கன்னத்தைத் தள்ளித் தள்ளி மசூரைத் துப்பியது. பதினாலு பருப்பு. நான் எண்ணினேன்.

"இது பைக்காரனே இல்ல" என்று தர்வீஷ் அவசரமாகச் சொன்னான்.

"பை இருக்கே" என்றான் சத்தூப்.

"குட்டியா இருக்கும்" என்றாள் ஒருத்தி. தர்வீஷ் அவளை முறைத்தான். "குட்டியும் பொன்னிறமாத்தான் இருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

"வயசாகி நரைச்சிருக்கும்."

"நரைச்சா இவ்வளவு சின்னதாவும் ஆயிடுமா?"

"உன் மாமியார் ஆகலையா?"

சிரித்தோம். சிரித்துக்கொண்டே அம்ஷாவைப் பார்த்தோம், சிரிப்பு நின்றது. அவள் முக்காட்டை முன்னால் இழுத்து முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். இவன் புருஷனா, அந்நிய ஆணா என்று தெரியாதே, பாவம், எந்த அளவுக்கு மூடுவது என்றும் தெரியாமல் பாதி மூடி நின்றாள். வளையை மூடும்போது சத்தூப் ஒரு கைப்பிடி மசூரை உள்ளே போட்டதை நான் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்காதவள் போல் இருந்துவிட்டேன்.

ஷேக் முயீன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அவரோ கண் வைத்தியத்துக்கு அலெப்போ போயிருந்தார். எட்டு நாள் ஆகும் என்றார்கள். அம்ஷா துணி மூட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் வீட்டுக்குப் போனால் பிரிந்தது உறுதியான மாதிரி ஆகிவிடும், புருஷன் வீட்டில் இருந்தால் பாவமாகிவிடும். என் வீடு நடுவில் இருந்தது.

அந்த எட்டு நாளை நினைத்தால் இப்போதும் தலை சுற்றுகிறது. சத்தூப் தினமும் காலையில் வந்து என் சுவருக்கு வெளியே நிற்பான். அம்ஷா உள்ளே இருப்பாள். நான் வாசலில்.

"அக்கா, சல்லடை எங்கேன்னு அவகிட்டக் கேளு."

எனக்குக் கேட்டது அவளுக்கும் கேட்டது. "மாவுப் பானைக்குப் பின்னாடின்னு சொல்லுங்க மதினி" என்பாள்.

"மாவுப் பானைக்குப் பின்னாடியாம்."

"அங்கே பார்த்தேன், இல்லைன்னு சொல்லு."

"கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்க."

"கண்ணைத் திறந்து பாருடா" என்பேன். அதை மட்டும் என் சொந்தச் செலவில் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன்.

ஒரு நாள் அம்ஷா முஜத்தரா சமைத்தாள். மசூரும் உடைத்த கோதுமையும், மேலே பொரித்த வெங்காயம். ஒரு தட்டை மூடி என்னிடம் நீட்டினாள். பிறகு பிடுங்கி வைத்துக்கொண்டாள். "கொடுக்கலாமா மதினி? பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிற மாதிரி கொடுத்தா தப்பில்லையே?" எனக்கு என்ன தெரியும்? கொடு என்றேன். கொண்டுபோனேன். அவன் தட்டைப் பார்த்துவிட்டு, "இதை நான் சாப்பிடலாமா அக்கா?" என்றான். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஆறின முஜத்தராவோடு நின்றேன். கடைசியில் நானே சாப்பிட்டேன்.

அந்தச் சாம்பல் பிராணியை ஓர் எண்ணெய் டின்னில் போட்டு, மேலே வலை கட்டி, சத்தூப் தன் வீட்டில் வைத்திருந்தான். அதற்கு மசூர் போட்டு, எதிரே உட்கார்ந்து மணிக்கணக்காகப் பார்ப்பான். தர்வீஷ் சும்மா இருப்பானா? ஒப்பிட்டுக் காட்டுவதற்காகத் தன் வயலில் ஓர் அசல் பைக்காரனைப் பிடித்தான். அது அவன் கட்டைவிரலைக் கடித்துக் கிழித்தது. விரலில் துணி சுற்றிக்கொண்டு, இரண்டாவது டின்னைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தான். "பாரு மச்சான். இது தங்கம், அது சாம்பல். இதுக்குக் கன்னத்துல கறுப்புக் கோடு, அதுக்கு இல்ல. இதுக்கு வாலே தெரியல, அதுக்கு வால் நீட்டிக்கிட்டிருக்கு."

"ஆனா ரெண்டும் ஒரே மாதிரி உக்காருது. சாப்பிடுறப்போ கையைப் பாரு. அப்படியே."

"நீயும் நானும்கூட ஒரே மாதிரிதான் உக்காருறோம். அதனால நான் நீயாயிடுவேனா?"

இந்த நேரம் பார்த்து மலைப்பக்கத்து லாரிக்காரன் ஒருவன் உரம் இறக்க வந்தான். எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லைக்கு அந்தப் பக்கம் எங்க மேட்டுல இன்னொண்ணு இருக்கு. உங்க பொன்னன் மாதிரிதான், ஆனா கொஞ்சம் கறுத்திருக்கும், நெஞ்சு முழுக்கக் கறுப்பு. அதுவும் கன்னத்துல மூட்டை கட்டும்" என்றான். சொல்லிவிட்டு லாரியில் ஏறிப் போய்விட்டான். அதுவரை இரண்டு இருந்தது, இப்போது மூன்று. அன்று முழுக்க சத்தூப் எதுவும் சாப்பிடவில்லை. "அக்கா, இன்னும் எத்தனை இருக்கும்?" என்று கேட்டான். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க அவனைத் திட்டினேன்.

ஒன்பதாம் நாள் ஷேக் வந்தார். ஒரு கண்ணில் கட்டு. பள்ளிவாசல் முற்றத்தில் முசுக்கொட்டை மரத்தடியில் உட்கார்ந்தார். ஊரே கூடிவிட்டது. பெண்கள் நாங்கள் குட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம். இரண்டு டின்களையும் ஷேக் மடியருகில் இழுத்து, கட்டில்லாத கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"ரெண்டு கண் இருந்தாலும் இது கஷ்டம்தான்" என்றார். "சத்தூப், நீ அந்த வார்த்தையைச் சொன்னப்போ உன் மனசுல எது இருந்தது? இந்தத் தங்கமா, இல்ல பை வச்ச எல்லாமா?"

தங்கம் என்று சொன்னால் முடிந்தது. தர்வீஷ் அவன் காலை மிதித்தான். நான் சுவருக்கு மேல் தலையை நீட்டி, தங்கம், தங்கம் என்று உதட்டை அசைத்தேன். என் தம்பி இரண்டு டின்களையும் இன்னொரு தரம் எட்டிப் பார்த்தான்.

"ஷேக், என் மனசுல பிராணியே இல்ல. மச்சான் மூஞ்சிதான் இருந்தது."

கூட்டம் சிரித்தது. தர்வீஷ் சிரிக்கவில்லை.

"அதை விடு" என்றார் ஷேக். "இந்தச் சாம்பலும் அதுல சேருமா, சேராதா? அதைச் சொல்லு."

"காலைல பார்த்தா சேரும்னு தோணுது. மத்தியானம் பார்த்தா சேராதுன்னு தோணுது. எட்டு நாளாப் பார்க்கிறேன். சத்தியமாத் தெரியல ஷேக்."

ஷேக் தாடியைத் தடவினார். கெட்டிக்காரர் அவர். "வளையை மூடுறப்போ ஒரு கைப்பிடி திருப்பிப் போட்டியா?"

என் உயிர் போய்விட்டது. எலி வளைக்குப் போடமாட்டோம், பைக்காரனுக்குத்தான் போடுவோம். போட்டான் என்றால் அந்த நேரத்தில் அவன் கை அதைப் பைக்காரன் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அவனுக்கும் தெரியும்.

"போட்டேன் ஷேக்" என்றான்.

கூட்டத்திலிருந்து பெருமூச்சு எழுந்தது. தர்வீஷ் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது என் பக்கத்திலிருந்து அம்ஷாவின் குரல் வந்தது, சுவருக்கு மேலாக, கொஞ்சமும் நடுங்காமல்.

"ஷேக், அவர் எல்லா வளையிலயும் போடுவார். எலி வளையிலயும் போடுவார். எறும்புப் புத்துல போடுவார். போன வருஷம் ஒண்ணுமே இல்லாத காலி வளையில ஒரு பிடி போட்டுட்டு வந்தார். நான் சண்டை போட்டேன். மதினியைக் கேளுங்க."

"நெசந்தான் ஷேக்" என்றேன். நிஜம்தான் அது.

"அது காலின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று சத்தூப் வருத்தத்தோடு கேட்டான். "வெளியே போயிருக்கும், வந்து பார்த்தா ஒண்ணுமில்லாம இருக்குமேன்னு போட்டேன்."

ஷேக்கின் தாடி குலுங்கியது. பிறகு டின்களைத் தள்ளிவைத்தார். "இவங்க கல்யாணம் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். நான்தான் நடத்தி வச்சேன். அது முறிஞ்சதா இல்லையான்னு இங்கே ஒருத்தருக்கும் தெரியல. அவனுக்கே தெரியல. தெரியாத ஒண்ணை வச்சுத் தெரிஞ்ச ஒண்ணை நான் முறிக்கமாட்டேன். அம்ஷா, உன் வீட்டுக்குப் போம்மா. சத்தூப், அந்த வார்த்தை இனி உன் வாயில வரக்கூடாது."

"வராது ஷேக். இனிமே வந்தா என் பெண்டாட்டி எனக்குத் த…"

தர்வீஷ் கைநிறைய வைத்திருந்த முசுக்கொட்டைப் பழங்களை அவன் வாயில் திணித்தான். கருஞ்சாறு தாடி வழியே ஒழுகியது. மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவன் நின்றான். அம்ஷா சுவரைச் சுற்றி வந்து, தன் முக்காட்டு நுனியால் அவன் தாடியைத் துடைத்தாள். ஊரே பார்க்கத் துடைத்தாள்.

இரண்டு பிராணிகளையும் அவனவன் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டார்கள். சத்தூப் இரண்டுக்கும் மசூர் போட்டுவிட்டு வந்தான்.

ஏழெட்டு வருஷம் கழித்து, பயிர்களைக் கெடுக்கிற பிராணிகளைப் பற்றிச் சொல்ல விவசாய இலாகா ஆள் ஒருவர் வந்தார். இளம் வயது, கனமான புத்தகம். சத்தூப் வீட்டில்தான் உட்கார்ந்தார். உங்கள் பைக்காரனை வெளிநாட்டில் ஹாம்ஸ்டர் என்று சொல்லிப் பிள்ளைகள் கூண்டில் வைத்து வளர்க்கிறார்கள் என்றார். நாங்கள் நம்பவில்லை. "அதுக்கு உறவுக்காரப் பிராணிகளும் இருக்கு. சாம்பல் நிறத்துல ஒண்ணு இந்தப் பக்கமே உண்டு. அது எவ்வளவு நெருங்கின சொந்தம்னா…" என்று பக்கத்தைப் புரட்டினார்.

சத்தூப் அந்தப் புத்தகத்தின் மேல் கையை வைத்து மூடினான். "தம்பி, டீ ஆறுது."

"இல்ல, ஒரு நிமிஷம், படம் இருக்கு."

"தம்பி" என்று அம்ஷா சர்க்கரைக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள். "அது எங்களுக்குத் தெரியாம இருக்கிறதாலதான் நான் இந்த வீட்ல இருக்கேன். மூடி வைங்க."

அந்தப் பிள்ளை எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. ஒன்றும் புரியாமலே டீயைக் குடித்துவிட்டு, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனது.

சத்தூப் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "அக்கா, நீ படத்தைப் பார்த்தியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதேடா."

"படத்துக்கு எதுக்குப் படிப்பு?"

"பார்க்கல" என்றேன்.

பார்த்தேன். அவன் கை வந்து விழுவதற்கு முன்னால், தங்கமும் சாம்பலும் இருந்த இடத்தை நன்றாகவே பார்த்துவிட்டேன். ஒரே பக்கத்தில் இருந்தனவா, வேறு வேறு பக்கத்தில் இருந்தனவா என்று அவன் சாகும்வரை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லமாட்டேன். அம்ஷா இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.